பழைய சரித்திரக் காதல் நாவல்களை இன்று மீண்டும் வாசிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த நாவல்களைப் பற்றி இங்கே பேசப்படுகிறது?

1940களிலிருந்து 1970கள் வரை தமிழ் வார இதழ்களில் தொடர்கதையாக வெளிவந்து, பிறகு கனத்த புத்தகங்களாகச் சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளின் அலமாரிகளில் குடியேறிய நாவல்களைப் பற்றியே பேசுகிறோம். கல்கியின் ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, ‘பொன்னியின் செல்வன்’ ஆகியவையும், சாண்டில்யனின் ‘யவன ராணி’, ‘கடல் புறா’ ஆகியவையும், 1963ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ நாவலும் இங்கே அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். சிராங்கூன் சாலைக் கடைகளுக்கு இதழ் வந்துசேரும் நாளை எதிர்பார்த்துக் காத்திருந்த தலைமுறை இன்று ஓய்வு பெற்றுவிட்டது. அவர்களில் பலர் அதே புத்தகங்களை மறுபடியும் எடுக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முதன்முறையாக எடுக்கிறார்கள். இந்த இரு சாராரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன.

இளமையில் ஒரே மூச்சில் படித்த நாவல் இன்று ஏன் இழுவையாகத் தெரிகிறது?

உங்கள் ரசனை குறைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். இவை வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் தொடங்கி 1954 வரை கல்கி இதழில் வந்தது. அத்தனை நீண்ட காலம் வாசகரைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய எழுத்தாளர், ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு கதவைத் தட்ட வைப்பார். தட்டியவர் யார் என்பதை அடுத்த வாரம் சொல்வார். போன வாரம் நடந்ததை மறந்திருக்கக்கூடியவருக்காக அதைச் சுருக்கமாக நினைவூட்டுவார். ஒரே வாரயிறுதியில் நூறு அத்தியாயங்களைப் படித்தால் இந்த நினைவூட்டல்கள் சலிப்பைத் தரும். திடுக்கிட வைக்கும் முடிவுகள் தந்திரமாகத் தோன்றும். நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் ரயில் பயணத்தில் படித்தால், அந்த நாவல் தனக்குரிய நடைக்குத் திரும்பிவிடும்.

இவற்றில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு?

ஒவ்வொரு நாவலுக்கும் அளவு மாறுபடும். ஆனால் ஒரு பொது முறையைக் காணலாம்: கல்வெட்டில் ஒரு வரியாக இருப்பதை எடுத்து, அந்த வரிக்குப் பின்னால் ஒரு மனித மனத்தை வைப்பதுதான் இந்த எழுத்தாளர்களின் வழி.

வல்லவரையர் வந்தியத்தேவர், இராஜராஜ சோழனின் தமக்கை குந்தவையின் கணவர் என்பதைத் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டு சொல்கிறது. அவர் வீராணம் ஏரிக்கரையில் குதிரையேறி வந்ததும், குந்தவையிடம் ஓலை கொண்டுபோனதும், இருவரும் கண்களால் பேசிக்கொண்டதும் ‘பொன்னியின் செல்வ’னில் கல்கி தந்தவை. இராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டதும் வரலாறே. காட்டுமன்னார்கோவிலுக்கு அருகிலுள்ள உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. அதே ரவிதாசன் நாவலில் நடமாடுகிறான். ஆனால் நந்தினியைக் கல்வெட்டில் தேடினால் கிடைக்கமாட்டாள். பூங்குழலியும் அப்படியே.

‘கடல் புறா’வின் நாயகன் கருணாகரத் தொண்டைமான், செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி பாடும் படைத்தலைவன். அவனுடைய இளமைப் பருவம் முழுவதும் சாண்டில்யன் படைத்தது. கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரச குடும்பத்தார் சோழரிடம் உதவி கேட்டு வரும் அடிப்படைச் சூழலுக்கு மட்டும் ஒரு சான்று உண்டு: வீரராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டில் அரசனின் வெற்றிகளைப் புகழும் பாடல்), தன்னிடம் உதவி நாடிய அரசனுக்காகக் கடாரத்தை வென்று அவனுக்கே திருப்பித் தந்ததாகக் கூறுகிறது. அந்த நாவலில் கப்பலின் அமைப்பும் பாய்களின் வகைகளும் மிக விரிவாக வருவதால், அவை ஆவணங்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்று நம்புவோர் உண்டு. சோழர் காலப் போர்க்கப்பல் எதுவும் அகழ்ந்தெடுக்கப்படவில்லை; அந்த விவரிப்பின் பெரும்பகுதியை ஒரு நல்ல கதாசிரியரின் கற்பனையாகவே கொள்ள வேண்டும்.

ஐயம் வரும் இடங்களில் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றையும் தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திர’த்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையைக் கெடுத்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நாவலாசிரியர் எந்த இடத்தில் கல்வெட்டை விட்டுத் தன் காலில் நடக்கத் தொடங்கினார் என்பது தெரிந்தபின் அவர்மீது மதிப்பு கூடுகிறது.

பெண்களை வருணிக்கும் பத்திகள் இன்று சங்கடம் தருகின்றன. அவற்றை எப்படி எதிர்கொள்வது?

சங்கடம் நியாயமானது. குறிப்பாகச் சாண்டில்யனிடம், ஓர் இளவரசி அறைக்குள் நுழைந்தால் அவள் பேசத் தொடங்குவதற்குள் அவள் உடல் பல பத்திகளுக்கு வருணிக்கப்பட்டுவிடும். வருணனையை விடவும் எனக்கு உறுத்துவது வேறு. நாயகன் அனுமதி கேளாமல் அவள் கையைப் பற்றுகிறான், அவள் சினக்கிறாள், அந்தச் சினத்தை நாணத்தின் இன்னொரு வடிவம் என்று கதைசொல்லி நமக்கு விளக்குகிறார். அவள் ‘வேண்டாம்’ என்பதை ‘வேண்டும்’ என்று வாசிக்கும்படி தலைமுறைகளுக்குப் பழக்கிய எழுத்து அது. அதைத் தவறு என்று சொல்வதில் தயக்கம் கூடாது.

‘அந்தக் காலம் அப்படித்தான்’ என்ற விடை பொதுவாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அது போதவில்லை. சாண்டில்யனுக்கு முன்பே, அதே குடும்பங்கள் படித்த வார இதழில், கல்கி வந்தியத்தேவனையும் குந்தவையையும் பேச்சின் வழியாகவே காதலிக்க வைத்தார். அவள் அறிவைக் கண்டு அவன் திகைப்பதும், அவன் குறும்பை அவள் எடைபோடுவதும் அந்தக் காதலின் பெரும்பகுதி. அதே காலத்தில் வேறு வழியும் இருந்தது என்பதற்கு இது போதும்.

ஆனாலும் சாண்டில்யனைக் கீழே வைத்துவிட என்னால் முடியவில்லை. அவருடைய பெண்கள் வாள் வீசுகிறார்கள், அரசியல் கணக்குப் போடுகிறார்கள், நாயகன் பிழை செய்யும்போது அவனைத் திருத்துகிறார்கள். ‘கடல் புறா’வின் காஞ்சனாதேவியை வருணனையிலிருந்து பிரித்துப் பார்த்தால், தன் குடும்பத்தின் அரியணை உரிமைக்காகக் கடல் கடந்து வந்த அரசியல்வாதி ஒருத்தி தெரிவாள். வருணனைப் பத்திகளைத் தாண்டிச் செல்லுங்கள். கதை ஒன்றும் இழந்துவிடாது.

ஒரு நாயகனுக்கு இரண்டு நாயகியர் இருப்பதை இன்றைய வாசகர் எப்படி ஏற்பது?

‘கடல் புறா’வில் காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும், ‘யவன ராணி’யில் பூவழகியும் யவன ராணியும், ‘வேங்கையின் மைந்தன்’ நாவலில் அருள்மொழி நங்கையும் ரோகிணியும் என்று இந்த அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. சோழ அரசர்களுக்குப் பல தேவியர் இருந்தது உண்மை. ஆனால் நாவல்கள் எழுதப்பட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். சென்னை மாநிலம் இந்து ஆண்களின் இருதார மணத்தை 1949இல் சட்டத்தால் தடுத்தது. சிங்கப்பூரில் 1961இல் நிறைவேறிய மாதர் சாசனம், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதைச் சட்டமாக்கியது. சட்டம் மூடிய கதவு ஒன்றைக் கதை திறந்து வைத்திருந்தது. அந்தக் கதைகளின் பெருங்கவர்ச்சியில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் கருதுகிறேன்.

கல்கி எதிர்த்திசையில் சென்றார். பின்னாளில் இராஜராஜனாகும் அருள்மொழிவர்மனுக்கு வானதி ஒருத்தியே என்பதுபோல் கதையை முடித்துக்கொண்டார். கல்வெட்டுகளில் இராஜராஜனுக்குத் தேவியர் பலர். அவர்களில் தந்திசக்தி விடங்கி என்னும் உலகமாதேவி திருவையாற்றில் தன் பெயரால் ஒரு கற்றளியே எடுப்பித்தார். இரண்டு வகை நாவல்களிலும் இடம் பெறாமல் போனவர்கள், தங்கள் பெயரில் சொத்தும் கொடையும் கொண்டிருந்த இத்தகைய அரசியரே.

இந்தக் கதைகளில் காதலும் படையெடுப்பும் ஏன் சேர்ந்தே வருகின்றன?

எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இது. சிங்கப்பூரில் இருந்து வாசிப்பவர்களுக்கு இது தமிழகத்து வாசகர்களைவிடக் கூர்மையாகத் தெரிய வேண்டும்.

இராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, 1025ஆம் ஆண்டையொட்டி நடந்த கடல் கடந்த படையெடுப்பை வரிசையாகச் சொல்கிறது. கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபடுகிறான். அவனுடைய யானைகளும் குவிந்த செல்வமும் ‘விச்சாதிரத் தோரணம்’ என்னும் வாயிலும் கைப்பற்றப்படுகின்றன. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என்று ஊர்ப்பெயர்கள் அடுக்கப்படுகின்றன. அந்தப் பாடலில் காதல் ஒரு சொல்லாகவும் இல்லை. வெற்றியும் கவர்ந்துவந்த பொருளுமே அதன் செய்தி.

அதே உலகை எடுத்துக்கொண்ட நாவல்களில், தோற்ற நாட்டின் அல்லது உதவி தேடி வந்த நாட்டின் இளவரசி தமிழ்ப் போர்வீரனைக் காதலிக்கிறாள். அவள் காதல் வாசகரின் மனத்தில் ஒரு பெரிய வேலையைச் செய்கிறது. அவளே மனமுவந்து ஏற்றுக்கொண்டுவிட்டதால், அவள் நாட்டுக்குள் நுழைந்த படைமீது நமக்குக் கேள்வி எழுவதில்லை. ‘வேங்கையின் மைந்த’னின் ரோகிணி ஈழத்து மன்னன் ஐந்தாம் மகிந்தனின் மகளாகப் படைக்கப்பட்டவள், தன் நாட்டுக்கும் தன் காதலுக்கும் நடுவே நின்று துடிக்கிறாள். வரலாற்றில் அந்த மகிந்தன் சோழரால் சிறைபிடிக்கப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் சோழ நாட்டிலேயே இறந்ததாக மகாவம்சம் சொல்கிறது. ஒரு மகளாக ரோகிணி அந்தச் செய்தியை எப்படிச் சுமந்திருப்பாள் என்று யோசித்தால், அகிலன் அவளுக்குக் கொடுத்த தடுமாற்றத்தின் ஆழம் புரியும். மூவரிலும் அகிலனே அந்தத் தடுமாற்றத்தை உண்மையாக எழுதியவர் என்பது என் கருத்து.

நாம் நின்றுகொண்டிருப்பது அந்தக் கடலின் இந்தக் கரை. இங்கே அதே நிகழ்வுகளின் நினைவு வேறு வடிவத்தில் இருக்கிறது. மலாய் மன்னர்களின் வரலாற்றைக் கூறும் ‘செஜாரா மெலாயு’வில் இந்திய மண்ணிலிருந்து படையோடு வரும் ராஜா சூரான் என்ற அரசனில் சோழப் படையெடுப்பின் எதிரொலி இருப்பதாக ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அவன் வழியில் ஒரு மன்னனை வென்று அவன் மகளை மணக்கிறான். சீனாவை வெல்ல எண்ணி, சிங்கப்பூரின் பழம்பெயரான துமாசிக் வரை வருகிறான். சீனர்கள் துருப்பிடித்த ஊசிகளையும் பல்லில்லாத முதியவர்களையும் ஒரு கப்பலில் அனுப்பி, ‘நாங்கள் இளைஞர்களாகப் புறப்பட்டோம், இந்த ஊசிகள் அப்போது தடித்த இரும்புக் கம்பிகளாக இருந்தன’ என்று சொல்ல வைக்கிறார்கள். தொலைவை எண்ணி மலைத்த அரசன் திரும்பிவிடுகிறான். பிறகு அவன் கடலுக்குள் இறங்கிக் கடலரசனின் மகளை மணக்கிறான். அந்த வழியில் வந்த சாங் நீல உத்தமனே சிங்கப்பூராவை நிறுவினான் என்று கதை முடிச்சுப் போடுகிறது.

இங்கேயும் வென்றவன் மணம் செய்துகொள்கிறான். ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் இந்தக் கரையில் இருந்தவர்கள். அவர்கள் படையெடுத்து வந்தவனைத் தந்திரத்தால் திருப்பியனுப்பிவிட்டு, தங்கள் அரச வம்சத்துக்கு மூதாதையாகவும் ஆக்கிக்கொண்டார்கள். ‘கடல் புறா’வையும் இந்த மலாய்க் கதையையும் அடுத்தடுத்துப் படிப்பது, சிங்கப்பூர்த் தமிழ் வாசகருக்கு எளிதில் வாய்க்கும் ஒரு பேறு. அப்படிப் படித்தபின் கடாரத்து இளவரசியின் காதல் வசனங்களுக்கு வேறொரு கனம் வந்துவிடுகிறது.

பௌத்தத் துறவிகளையும் சாளுக்கியரையும் சிங்களரையும் இழிவாகக் காட்டுகின்றனவே?

சில காட்டுகின்றன. ‘சிவகாமியின் சபத’த்தின் வில்லன் நாகநந்தி ஒரு பௌத்தத் துறவி, ஒற்றன், சாளுக்கிய மன்னன் புலிகேசியின் இரட்டைப் பிறவி. வரலாற்றில் அப்படி ஒருவர் இல்லை. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மக்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் பௌத்தர்களாக உள்ள ஒரு நாட்டில், காவியுடையை வஞ்சகத்தின் அடையாளமாகப் படிக்கும்போது மனம் உறுத்தத்தான் செய்யும். அதே சோழ மண்ணில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் கடாரத்து அரசரால் கட்டப்பட்டு, இராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தை வழங்கியதையும் உடன் நினைத்துக்கொள்ள வேண்டும். ‘பொன்னியின் செல்வ’னில் அந்த விகாரத்துப் பிக்குகள் நோயுற்ற இளவரசனைப் பேணுவதையும் மறக்கக்கூடாது. ஒரே ஆசிரியரிடம் இரண்டு பார்வைகளும் உள்ளன.

நந்தினியும் சிவகாமியும் இன்றைக்கும் ஏன் மனத்தை விட்டு அகல மறுக்கிறார்கள்?

அவர்கள் இருவருக்கும் சினங்கொள்ள உரிமை இருந்ததால் என்று நினைக்கிறேன். இளமையில் படித்தபோது நந்தினி நமக்கு மயக்கும் வஞ்சகி. இப்போது படித்தால், வீரபாண்டியனின் உயிருக்காக அவள் கெஞ்சியதும், அதை மீறி ஆதித்த கரிகாலன் அவன் தலையைக் கொய்ததும் முதலில் கண்ணில் படுகின்றன. அவள் பிறப்பு மறைக்கப்பட்டது, அரண்மனையில் அவளுக்கு இடமில்லை என்று உணர்த்தப்பட்டது, ஒரு முதியவருக்கு அவள் மனைவியானாள். இத்தனைக்கும் பிறகு அவள் செய்யும் சதியை நியாயம் என்று சொல்ல முடியாது. காரணமற்றது என்றும் சொல்ல முடியாது. கல்கி அவளுக்குக் கொடுத்த அறிவு, குந்தவைக்குக் கொடுத்ததற்குச் சிறிதும் குறைந்ததில்லை.

சிவகாமியின் கதை இன்னும் வலிப்பது. சிற்பியின் மகள் இளவரசன் நரசிம்மவர்மனை மணக்கக்கூடாது என்று பல்லவப் பேரரசர் மகேந்திரவர்மரே, அவள் கலையை மெச்சிக்கொண்டே, வழி மறிக்கிறார். சாளுக்கியரின் தலைநகரான வாதாபியின் தெருச் சந்தியில் கைதிகளைச் சவுக்கடியிலிருந்து காப்பாற்ற அவள் ஆட வேண்டி வருகிறது. அந்த அவமானத்தில் பிறந்த சபதமே பல்லவப் படையை வாதாபிக்கு இழுத்துச் செல்கிறது. அவள் மீட்கப்படும்போது நரசிம்மவர்மன் பாண்டிய இளவரசியின் கணவன். போர் அவள் பெயரால் நடந்தது. வாழ்க்கை அவளுக்குக் கிடைக்கவில்லை. அவள் இறைவனுக்குத் தன்னை அர்ப்பணிக்கும் முடிவைப் பக்தியின் உச்சம் என்று சிலர் போற்றுவார்கள். வேறு கதவுகள் எல்லாம் மூடப்பட்ட பின் எஞ்சிய ஒரே கதவாகவே எனக்கு அது தெரிகிறது.

திரைப்படம் பார்த்துவிட்டேன். நாவலும் படிக்க வேண்டுமா?

வேண்டும். 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வந்த மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படம் ஐந்து பாக நாவலின் ஓட்டத்தை மட்டுமே தாங்க முடிந்தது. பூங்குழலியின் தனிமையும், சேந்தன் அமுதனின் கதையும், ஆழ்வார்க்கடியானின் வாய்ச்சண்டைகளும் புத்தகத்தில்தான் முழுமையாக இருக்கின்றன.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு எதை முதலில் கொடுக்கலாம்?

‘பார்த்திபன் கனவு’. இங்கே பேசிய கல்கியின் மூன்று நாவல்களில் மிகச் சிறியது அதுவே. அதன் நாயகன் விக்கிரமன் நாடு கடத்தப்பட்டுக் கடல் கடந்த செண்பகத் தீவில் அரசனாகிறான் என்பதால் இங்குள்ள பிள்ளைகளுக்கு ஓர் ஈர்ப்பும் உண்டு. தமிழைப் பெரும்பாலும் வகுப்பறையில் மட்டும் கேட்கும் பிள்ளையாக இருந்தால், முதல் சில அத்தியாயங்களைப் பாட்டியோ தாத்தாவோ வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். கல்கியின் நடை காதுக்கு இனியது. கண்ணுக்குக் கடினமாகத் தெரியும் சொற்கள் கேட்கும்போது விளங்கிவிடும். சாண்டில்யனைப் பதினாறு வயதுக்கு மேல் கொடுக்கலாம்; கொடுத்தபின் அதைப் பற்றிப் பேசுங்கள். நாயகன் கையைப் பற்றும் காட்சியைப் பற்றிப் பதின்ம வயதுப் பெண்பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள்; ஆண்பிள்ளையிடமும் அவசியம் கேளுங்கள்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?

தேசிய நூலக வாரியத்தின் கிளைகளில் தமிழ்ப் பிரிவில் தேடலாம். கல்கியின் படைப்புகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை என்பதால் மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவே படிக்க முடியும். மற்றவர்களின் நூல்களைத் தேக்கா வட்டாரக் கடைகளில் வாங்கலாம். வீட்டு அலமாரியில் பழைய பதிப்பு இருந்தால், படங்களுக்காக அதையே எடுங்கள். ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வரைந்த ஓவியங்கள் இல்லாத பதிப்பு எனக்குப் பாதிப் புத்தகமாகவே தோன்றும்.

கடாரத்தை நேரில் பார்க்க முடியுமா?

முடியும். மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஜெராய் மலையின் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. மெர்போக்கில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தை ஒட்டிச் சண்டி புக்கிட் பத்து பகாட் என்ற கோவிலின் கற்தளம் மீட்டமைக்கப்பட்டுள்ளது. ஆங்கிலேயத் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் 1930களில் அந்த வட்டாரத்தை அகழ்ந்தார். அங்கே சாண்டில்யன் விவரிக்கும் மாட மாளிகைகளை எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம். சுங்கை பத்து என்ற பக்கத்து இடத்தில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. சோழர் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கே தொழிலும் வணிகமும் நடந்திருக்கின்றன. நாவலில் கடாரம் சோழர் வருகையோடு தொடங்குவதுபோல் தோன்றும். பயணத்துக்கு முன் ‘கடல் புறா’வின் முதல் பாகத்தைப் படித்துவிட்டு, அருங்காட்சியகத்தில் முதலில் சுங்கை பத்து பற்றிய பகுதியைப் பாருங்கள், கோவிலுக்கு அதன்பின் ஏறுங்கள்.